கண்ணுக்குத் தெரிந்த ஆங்கிலம் காதுக்கும் தெரிய: லிசனிங் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

ஆங்கிலம் நன்றாக வாசிப்பவர்களும் தப்பில்லாமல் எழுதுபவர்களும் கூட லிசனிங் தேர்வில் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆடியோ முடிந்த பிறகு, அதில் பேசியதை அப்படியே தாளில் அச்சடித்துக் கொடுத்தால் "இதெல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள்தானே!" என்பார்கள். உண்மைதான். அவை கண்ணுக்குத் தெரிந்த சொற்கள். காதுக்கு அவை இன்னும் அறிமுகமாகவில்லை.

நம்மில் பெரும்பாலானோர் ஆங்கிலத்தைப் புத்தகத்தில் பார்த்துக் கற்றவர்கள். எழுத்தைப் பார்த்து, ஒலி இப்படித்தான் இருக்கும் என்று நாமே முடிவு செய்துகொண்டோம். "கம்ஃபர்டபிள்" என்று நான்கைந்து அசையாக மனதில் வைத்திருக்கும் சொல்லை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் "கம்ஃப்டபுள்" என்று சுருக்கிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். "வெஜிடபிள்" என்று நாம் காத்திருக்க, வருவது "வெஜ்டபுள்". தெரிந்த சொல் தெரியாத சொல் போலக் கடந்துவிடுகிறது. லிசனிங் பயிற்சி என்பது இந்த இடைவெளியை அடைக்கும் வேலை. நாள் முழுக்க ஆங்கிலச் செய்தியை ஓடவிட்டால் இது அடையாது. நானும் ஆரம்பத்தில் அப்படி மாதக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தவன்தான். பின்னணியில் ஓடும் ஒலி பின்னணியாகவே நின்றுவிடுகிறது. தவறவிட்ட இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கே என்ன ஒலித்தது என்று கண்டுபிடிக்க ஆரம்பித்த பிறகுதான் மதிப்பெண் நகர்ந்தது.

இந்த வழிகாட்டி, வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ கேட்கப்படும் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை மையமாக வைத்தது. பிடிஇ, டோஃபல் என்ற இதே வகைத் தேர்வுகளை எழுதுபவர்களுக்கு மாறுபடும் இடங்களைக் கடைசிக்குச் சற்று முன்னால் சொல்கிறேன். காதைப் பழக்கும் முறை எல்லாத் தேர்வுக்கும் ஒன்றுதான்.

தேர்வின் அமைப்பு

ஐஈஎல்டிஎஸ் லிசனிங்கில் 4 பகுதிகள், ஒவ்வொன்றிலும் 10 கேள்விகள், மொத்தம் 40. ஆடியோ ஏறக்குறைய 30 நிமிடம் ஓடும். ஒரே ஒரு முறைதான் ஓடும். அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்று தேர்வில் இரண்டு வகை உண்டு; இரண்டுக்கும் லிசனிங் பகுதி ஒன்றேதான்.

முதல் பகுதி இருவர் பேசிக்கொள்வது: அறை முன்பதிவு, வகுப்பில் சேருவது பற்றி விசாரிப்பது போன்ற அன்றாட உரையாடல். இரண்டாவதில் ஒருவர் மட்டும் பேசுவார்; ஓர் இடத்தைச் சுற்றிக் காட்டலாம், ஒரு வசதியை விளக்கலாம். மூன்றாவது படிப்பு சம்பந்தப்பட்ட உரையாடல். மாணவர்களும் ஆசிரியருமாக நான்கு பேர் வரை பேசலாம். நான்காவது ஒரு கல்லூரி விரிவுரை. முதல் மூன்று பகுதிகளில் நடுவே ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். நான்காவதில் அது கிடையாது. பத்துக் கேள்வியும் ஒரே ஓட்டம்.

சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்குக் கழிப்பது இல்லை. அதனால் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். முடிவை 9 வரையிலான "பேண்ட்" என்ற அளவில் தருவார்கள். 40க்கு 16 சரியாக இருந்தால் சராசரியாக பேண்ட் 5, 23 என்றால் 6, 30 என்றால் 7, 35 என்றால் 8. தாளுக்குத் தாள் இது ஓரிரு மதிப்பெண் மாறலாம். ஆனாலும் இலக்கு வைக்க இந்தக் கணக்கு போதும். 7 வேண்டும் என்றால் பத்துக் கேள்வி தவறினாலும் பரவாயில்லை என்பதை மனதில் வையுங்கள். ஆடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது இது பெரிய நிம்மதி தரும்.

பழைய பயிற்சிப் புத்தகங்களைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. 2020 ஜனவரிக்கு முன்பு பகுதிகளை "செக்‌ஷன்" என்று அழைத்தார்கள், முதல் பகுதியில் ஓர் எடுத்துக்காட்டுக் கேள்வியும் இருந்தது. இப்போது அது இல்லை. நேராக முதல் கேள்விக்குப் போய்விடுவார்கள்.

முதல் படி: நேர்மையாக ஒரு மாதிரித் தேர்வு

படிக்கத் தொடங்கும் முன்பே ஒரு முழு மாதிரித் தேர்வை எழுதுங்கள். தேர்வை நடத்தும் பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி, கேம்பிரிட்ஜ் ஆகியவை மாதிரித் தாள்களை வெளியிடுகின்றன. அவற்றையே எடுங்கள். யாரோ தயாரித்த தாள்களில் கேள்விகள் தேவையில்லாமல் கடினமாகவோ எளிதாகவோ இருக்கும். எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

எழுதும்போது நிறுத்தாதீர்கள், பின்னால் ஓட்டாதீர்கள். ஒரு கேள்வி தவறினால் தவறட்டும். கணினியில் எழுதப் போகிறீர்கள் என்றால் ஹெட்போன் போட்டு, தட்டச்சு செய்தே பழகுங்கள். கணினித் தேர்வில் கேட்கும்போதே விடையைத் தட்ட வேண்டும். கடைசியில் சரிபார்க்க 2 நிமிடம்தான் உண்டு. தாளில் எழுதும் வசதி இருக்கும் இடங்களில், தாளில் எழுதுபவர்களுக்கு மட்டும் விடைத்தாளுக்கு மாற்றி எழுத 10 நிமிடம் தருவார்கள்.

மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நினைத்து வருந்த வேண்டாம். அடுத்த படிக்குத் தேவை அந்த எண் அல்ல, உங்கள் தவறுகள்.

இரண்டாவது படி: தவறுக்குக் காரணம் எழுதுவது

ஒரு நோட்டு எடுங்கள். தவறான ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, அந்த இடத்தின் எழுத்து வடிவத்தைப் பார்த்து, திரும்பக் கேட்டு, ஏன் தவறினேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அனேகமாகக் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும்: சொல்லே தெரியாது, சொல் தெரியும் ஆனால் ஒலியில் அடையாளம் தெரியவில்லை, சரியாகக் கேட்டேன் ஆனால் பேச்சாளர் பிறகு மாற்றிச் சொன்னதைக் கவனிக்கவில்லை, விடை தெரியும் ஆனால் ஸ்பெல்லிங்கிலோ சொல் எண்ணிக்கையிலோ போய்விட்டது, முந்தைய கேள்வியை யோசித்துக்கொண்டிருந்ததில் இது நழுவிவிட்டது.

மூன்று மாதிரித் தேர்வுக்கு இதைச் செய்தால் உங்கள் நோய் எது என்று தெரிந்துவிடும். சிலருக்கு ஸ்பெல்லிங்கிலேயே நான்கைந்து மதிப்பெண் போகும். அவர்கள் காதைப் பழக்கி நேரம் செலவழிப்பதைவிட, ஒரு மாதம் தினமும் பத்துச் சொல் எழுதிப் பார்ப்பது மேல். ஆனால் பெரும்பாலானோருக்கு இரண்டாவது காரணம்தான் பெரிது. தெரிந்த சொல்லின் ஒலி பிடிபடாதது. அதற்கான மருந்துதான் அடுத்த படி. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி: ஒரு நிமிட ஆடியோ

எழுத்து வடிவத்துடன் கிடைக்கும் ஓர் ஆடியோவிலிருந்து ஒரே ஒரு நிமிடத்தை எடுங்கள். பிபிசியின் "சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்" இதற்கு நல்லது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஏறக்குறைய ஆறு நிமிடம், எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். மாதிரித் தேர்வின் ஆடியோவே இருந்தாலும் போதும்.

முதலில் எதையும் எழுதாமல் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று மட்டும் புரிந்தால் போதும்.

பிறகு ஒரு வாக்கியம் ஓடவிட்டு நிறுத்தி, கேட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். டிக்டேஷன் போல. புரியாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஒரு வாக்கியத்தை நான்கு முறைக்கு மேல் ஓட்ட வேண்டாம். நான்கு முறையில் வராதது பத்து முறையிலும் வராது. அதற்கு விடை எழுத்து வடிவத்தில்தான் இருக்கிறது.

முழு நிமிடமும் முடிந்த பிறகு எழுத்து வடிவத்தைத் திறந்து, வேறு நிறப் பேனாவால் திருத்துங்கள். இங்கேதான் உண்மையான வேலை ஆரம்பம். ஒவ்வொரு கோட்டிலும் எந்தச் சொல் இருந்தது? அது நீங்கள் எதிர்பார்த்த ஒலியிலிருந்து எப்படி மாறி வந்தது? கோடு போட்ட இடங்களில் பாதிக்கு மேல் "ஆஃப்", "டு", "ஹேவ்", "அட்", "தெம்" போன்ற குட்டிச் சொற்களாக இருப்பதைப் பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

அப்புறம் எழுத்து வடிவத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். அந்தச் சொல் அந்த இடத்தில் இருப்பது காதுக்கே தெரியும் வரை. பிறகு பேச்சாளரோடு சேர்ந்து, அதே வேகத்தில், அதே ஏற்ற இறக்கத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய் ஒரு முறை சுருக்கிச் சொல்லிப் பழகிவிட்டால், அடுத்த முறை அதே சுருக்கம் வரும்போது காது பிடித்துவிடுகிறது. இதைக் கூச்சப்பட்டுத் தவிர்ப்பவர்கள் நிறையப் பேர். தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டாவது செய்யுங்கள்.

மறுநாள் அதே ஒரு நிமிடத்தை எழுத்து வடிவம் இல்லாமல் கேளுங்கள். எல்லாம் தெளிவாகக் கேட்கும். நேற்று அது இரைச்சலாக இருந்தது என்பதே மறந்துவிடும்.

ஒரு நிமிட ஆடியோவுக்கு முதல் வாரம் முக்கால் மணி நேரம் ஆகும். பொறுமை வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் அதே வேலை இருபது நிமிடத்தில் முடியும். வேகத்தைக் குறைத்துக் கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. வேகத்தைக் குறைத்தால் எந்த ஒலிச் சுருக்கத்தைப் பழக வேண்டுமோ அதுவே சிதைந்து வேறு ஒலியாகிவிடும்.

சொற்கள் ஒட்டிக்கொள்ளும் விதம்

இது தமிழருக்குப் புதிதே அல்ல. "கடல்", "அலை" இரண்டும் சேர்ந்தால் "கடலலை". மெய்யில் முடியும் சொல்லின் மேல் உயிர் வந்து ஏறிக்கொள்கிறது. ஆங்கிலப் பேச்சிலும் அதேதான் நடக்கிறது. "டர்ன் இட் ஆஃப்" என்று மூன்று சொல் எழுதியிருக்கும். காதில் விழுவது "டர்னிடாஃப்". "பிக் இட் அப்" என்பது "பிக்கிடப்". நாம் எழுத்திலேயே புணர்ச்சியைக் காட்டிவிடுகிறோம், அவர்கள் எழுத்தில் காட்டுவதில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

அடுத்தது அழுத்தம். தமிழில் ஏறக்குறைய எல்லா அசைக்கும் அதனதன் நேரத்தைக் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் பொருள் தாங்கும் சொற்களை அழுத்திச் சொல்லிவிட்டு, மற்றதை எல்லாம் "அ" போன்ற ஒரு மங்கலான ஒலியில் தேய்த்துவிடுவார்கள். அதனால்தான் குட்டிச் சொற்கள் காதில் விழுவதில்லை. நல்ல செய்தி என்னவென்றால், தேர்வில் கேட்கும் விடை பெரும்பாலும் அழுத்திச் சொல்லப்படும் சொல்லாகவே இருக்கும்.

ஆனால் ஓர் ஆபத்தான விதிவிலக்கு உண்டு: "கேன்" என்பதும் அதன் எதிர்மறையும். முடியும் என்று சொல்லும்போது "கன்" என்று தேய்ந்துபோகும். முடியாது என்னும்போது கடைசி "ட்" பல சமயம் கேட்கவே கேட்காது. ஆனால் உயிரொலி முழுதாக, அழுத்தமாக வரும். பிரிட்டிஷ் பேச்சில் "கான்ட்", அமெரிக்கப் பேச்சில் "கேன்ட்". "ட்" வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். அழுத்தம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நம் எழுத்தில் "ப" ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கிறது. "க", "ட", "த" ஆகியவையும் அப்படியே. அதனால் "பேக்" என்று கேட்டால் அது பின்புறமா, பையா, மூட்டை கட்டுவதா என்று காது உடனே பிரிக்காமல் போகலாம். இப்படி ஒலி நெருங்கிய சொற்களை இணை இணையாக எழுதி வைத்து, அகராதிச் செயலியில் உச்சரிப்பை மாற்றி மாற்றிக் கேட்பது பத்து நிமிட வேலை. வாரம் இரண்டு முறை செய்யுங்கள்.

உச்சரிப்பு வகைகளைப் பற்றிப் பயம் வேண்டாம். ஐஈஎல்டிஎஸ்ஸில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, அமெரிக்க, கனடியப் பேச்சுகள் வரும். எல்லாவற்றையும் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை. சில அடையாளங்கள் தெரிந்தால் போதும். பிரிட்டிஷ் பேச்சில் சொல் இறுதி "ர்" பெரும்பாலும் மறைந்துவிடும். அமெரிக்கர்கள் நடுவில் வரும் "ட்" ஒலியை மென்மையாக்குவதால் எழுதுபவரும் வண்டி ஓட்டுபவரும், அதாவது "ரைட்டர்", "ரைடர்" இரண்டும், ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். ஆஸ்திரேலியப் பேச்சில் "டுடே" என்பது "டுடை" பக்கம் சாயும். நியூசிலாந்துக்காரர் பத்து என்று சொல்லும் "டென்", "டின்" போல் விழலாம். வாரத்தில் ஒரு நாள் பழக்கமில்லாத உச்சரிப்பில் ஓர் ஆடியோ எடுத்து ஒரு நிமிடப் பயிற்சி செய்தால் போதுமானது.

எண்ணும் எழுத்தும்

முதல் பகுதியில் பெயர், முகவரி, தொலைபேசி எண், தேதி, கட்டணம் என்று கேட்பார்கள். எளிதான மதிப்பெண் இது. இதை விட்டால் பிறகு எங்கே பிடிப்பது?

ஆங்கில எழுத்துகளைச் சொல்லிக்காட்டும்போது நாம் தடுமாறுவது பெரும்பாலும் "ஏ", "ஈ", "ஐ" மூன்றிலும், "ஜி", "ஜே" இரண்டிலும்தான். எழுதும்போது நம் மனம் உயிரொலியை மாற்றிப் போட்டுவிடுகிறது. கடைசி எழுத்தை பிரிட்டனில் "ஸெட்" என்பார்கள், அமெரிக்காவில் "ஸீ". இரட்டை எழுத்தை "டபுள் எல்", "டபுள் எஸ்" என்பார்கள். "டபுள்" காதில் விழுந்ததும் அடுத்து வருவதை இரண்டு முறை எழுதக் கை தயாராக இருக்க வேண்டும்.

தொலைபேசி எண்ணில் பூஜ்யம் "ஓ" என்று வரும். 13, 30 இரண்டையும் பிரிக்க கடைசி ஒலியை நம்பாதீர்கள். "தர்டீன்" என்பதில் பின்பாதி நீண்டு அழுத்தமாக வரும். "தர்டி" என்பதில் முன்பாதியில் அழுத்தம். 14, 40 முதல் 19, 90 வரை இதே கதை. நேரத்தில் "குவார்ட்டர் டு" வந்தால் 15 நிமிடத்துக்கு முன், "குவார்ட்டர் பாஸ்ட்" வந்தால் 15 நிமிடத்துக்குப் பின். கேட்கும் வேகத்தில் இது எளிதில் மாறிப் போகும்.

ஒரு நண்பர் இருந்தால் தினமும் ஐந்து நிமிடம் ஒருவர் பெயரும் எண்ணும் சொல்ல, மற்றவர் எழுதலாம். இரண்டு வாரத்தில் இது கைவந்துவிடும். அதற்கு மேல் இதில் நேரம் போட வேண்டாம்.

கேள்வியைப் படிக்கும் அந்த அரை நிமிடம்

ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் கேள்விகளைப் பார்க்க ஏறக்குறைய அரை நிமிடம் கிடைக்கும். அதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். எத்தனை சொல் எழுதலாம் என்ற விதி. விடை எழுத விட்டிருக்கும் ஒவ்வொரு கோட்டிலும் வர வேண்டியது பெயரா, எண்ணா, இடமா, ஒருமையா, பன்மையா என்ற ஊகம். கோட்டுக்கு முன்னால் வரும் முக்கியச் சொல்.

கோட்டில் நிரப்ப வேண்டிய சொல் ஆடியோவில் சொல்லப்படும் அதே சொல்தான். நீங்கள் வேறு சொல் தேட வேண்டியதில்லை. மாறுவது அதைச் சுற்றியிருக்கும் வாக்கியம். கேள்வியில் "சீப்" என்று இருந்தால் பேச்சாளர் "இட் வோன்ட் காஸ்ட் யூ மச்" என்பார். கேள்வியில் "சில்ட்ரன்" என்றால் அவர் "அண்டர் டுவெல்வ்ஸ்" என்று சொல்லலாம். அதனால் கேள்வியில் உள்ள சொல்லே காதில் விழும் என்று காத்திருந்தால் விடை கடந்து போய்விடும். பொருளுக்காகக் காத்திருங்கள்.

கேள்விகள் ஆடியோவின் வரிசையிலேயே வரும் என்பது பெரிய துணை. எப்போதும் இரண்டு கேள்விகளில் கண் வையுங்கள்: இப்போதையது, அடுத்தது. அடுத்த கேள்வியின் விஷயம் பேசப்படத் தொடங்கிவிட்டால் இப்போதையது போய்விட்டது என்று பொருள். விட்டுவிடுங்கள். ஒரு விடையைத் துரத்திக்கொண்டு மூன்று விடையை இழப்பதுதான் லிசனிங்கில் நடக்கும் பெரிய நஷ்டம். பயிற்சியின்போதே விடுவதற்கும் பழகுங்கள். விடுவதும் ஒரு திறமைதான்.

பேச்சாளர் மாற்றிச் சொல்லும்போது

முதலில் காதில் விழும் விடையை நம்பி எழுதுபவர்களுக்காகவே சில கேள்விகள் அமைக்கப்படுகின்றன. ஒருவர் "செவ்வாய்க்கிழமை வரலாமா?" என்று கேட்பார். மற்றவர் "செவ்வாய் சரியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன், ஆனால் அன்று எனக்கு வேறு வேலை வந்துவிட்டது, வியாழன் வைத்துக்கொள்வோம்" என்பார். செவ்வாய் இரண்டு முறை ஒலித்தது, விடை வியாழன். "பட்", "ஆக்சுவலி", "ஹவெவர்", "இன்ஸ்டெட்", "சாரி, ஐ மீன்" போன்றவை காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்காருங்கள். எழுதியதை மாற்ற வேண்டியிருக்கலாம்.

மூன்றாம் பகுதியின் பலவிடைக் கேள்விகளில் இது இன்னும் நுட்பமாக வரும். ஏ, பி, சி மூன்றில் உள்ள விஷயமும் பேசப்படும். ஒன்றை மாணவர் முன்வைப்பார், தோழி மறுப்பார், ஆசிரியர் பாதி ஒப்புக்கொள்வார். யார் என்ன சொன்னார் என்பதைவிட கடைசியில் எதற்கு உடன்பட்டார்கள் என்பதுதான் விடை. இங்கே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விடை குறித்தால் அனேகமாகத் தவறாகும். ஒவ்வொரு விடையின் சாரத்தையும் முன்கூட்டியே ஒரு சொல்லில் மனதில் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நீள வாக்கியங்களை ஆடியோ ஓடும்போது படிக்க நேரம் இருக்காது.

வரைபடக் கேள்வி வந்தால் முதலில் "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்ற புள்ளியையோ நுழைவாயிலையோ கண்டுபிடியுங்கள். பேச்சாளர் சொல்லச் சொல்ல விரலோ பேனா முனையோ கணினியின் மவுஸோ கூடவே நடக்கட்டும். "ஆப்போசிட்", "நெக்ஸ்ட் டு", "ஜஸ்ட் பாஸ்ட்", "அட் தி ஃபார் எண்ட்" ஆகியவை காதில் விழுந்த உடனே இடம் கண்ணில் தெரிய வேண்டும். மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் அவர் அடுத்த கட்டடத்துக்குப் போயிருப்பார்.

தெரிந்தும் இழக்கும் மதிப்பெண்கள்

ஒரு சொல் மட்டும் என்று விதி இருக்கும்போது முன்னால் "தி" சேர்த்து இரண்டு சொல்லாக எழுதினால் மதிப்பெண் இல்லை. பன்மைக்குரிய கடைசி "ஸ்" விடுபட்டாலும் இல்லை. அது காதில் விழாவிட்டால் கோட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள இலக்கணத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். பிரிட்டிஷ், அமெரிக்க ஸ்பெல்லிங் இரண்டும் ஏற்கப்படும். எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே எழுதலாம்; நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன், பெயர்ச்சொல்லுக்குப் பெரிய எழுத்தா என்ற யோசனையே வராது.

அடிக்கடி தவறும் சொற்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். "அகாமடேஷன்" என்பதில் இரண்டு "சி", இரண்டு "எம்". "கமிட்டி" என்பதில் "எம்", "டி", "ஈ" மூன்றும் இரண்டிரண்டு. "என்விரான்மென்ட்", "கவர்ன்மென்ட்" இரண்டிலும் "எம்" எழுத்துக்கு முன்னால் ஒலிக்காத ஓர் "என்" இருக்கிறது. "வென்ஸ்டே" என்பதன் "டி", "ஃபெப்ரவரி" என்பதன் முதல் "ஆர்" ஆகியவையும் இப்படி மறைந்திருப்பவையே. உங்கள் தவறுகளிலிருந்து வளரும் பட்டியல், இணையத்தில் கிடைக்கும் ஆயிரம் சொல் பட்டியலைவிட உதவும்.

எட்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது

தினமும் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் மூன்று வாரம் மாதிரித் தேர்வு பக்கம் அதிகம் போகாதீர்கள். வாரம் ஒன்று போதும். மீதி நாளெல்லாம் ஒரு நிமிட ஆடியோவும், எண்ணெழுத்துப் பயிற்சியும். நான்காவது வாரத்திலிருந்து பகுதி பகுதியாக எழுதுங்கள்: இன்று மூன்றாம் பகுதி மட்டும், நாளை அதன் திருத்தம் மட்டும். ஏழாவது, எட்டாவது வாரத்தில் வாரம் மூன்று முழுத் தேர்வு, அசல் தேர்வு நடக்கும் அதே நேரத்தில். ஒரு தேர்வு எழுத அரை மணி நேரம் என்றால் அதைத் திருத்த ஒரு மணி நேரம் வேண்டும். திருத்த நேரம் இல்லாத நாளில் தேர்வு எழுதாதீர்கள். நல்ல தாள் ஒன்று வீணாகிவிடும்.

படமோ தொடரோ பார்ப்பது பிடித்தால் பாருங்கள். ஆனால் ஆங்கில எழுத்து கீழே ஓடிக்கொண்டிருந்தால் நடப்பது வாசிப்புப் பயிற்சி. ஒரு காட்சியை எழுத்து இல்லாமல் பார்த்து, பிறகு எழுத்தோடு, மறுபடி எழுத்து இல்லாமல் பாருங்கள்.

பிடிஇ, டோஃபல் எழுதுபவர்களுக்கு

பிடிஇ-யில் ஒரு வாக்கியத்தை ஒருமுறை கேட்டு அப்படியே தட்டச்சு செய்யும் கேள்வி உண்டு. அது லிசனிங்குக்கும் ரைட்டிங்குக்கும் சேர்த்து மதிப்பெண் தரும். ஒரு நிமிட ஆடியோப் பயிற்சி செய்தவர்களுக்கு இது பழகிய வேலைதான். தவறாகச் சொல்லப்பட்ட சொற்களைக் குறிக்கும் கேள்வியிலும், பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியிலும் தவறான தேர்வுக்கு மதிப்பெண் கழியும். அங்கே மட்டும் ஊகிப்பதை அடக்கி வாசியுங்கள்.

டோஃபலில் ஆடியோ முடிந்த பிறகுதான் கேள்வி திரையில் வரும். எதைக் கேட்பார்கள் என்று முன்பே தெரியாது என்பதால் குறிப்பெடுக்கும் பழக்கம் வேண்டும்: முழு வாக்கியமாக அல்ல, காரணம், விளைவு, எடுத்துக்காட்டு, கருத்து மாறும் இடம் என்று. 2026 ஜனவரியில் டோஃபலின் அமைப்பு மாறியிருக்கிறது. பழைய பயிற்சித் தாள்களைக் காதைப் பழக்க மட்டும் வைத்துக்கொண்டு, கேள்வி வகைகளுக்குத் தேர்வு நடத்துபவர்களின் தளத்தைப் பாருங்கள்.

தேர்வு நாள்

முந்தின நாள் புதிய தாள் எதையும் எழுதாதீர்கள். ஏற்கெனவே கேட்டுத் தெளிந்த ஓர் ஆடியோவைக் கேளுங்கள், போதும். காலையில் தேர்வு மையத்துக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் ஆங்கிலம் காதில் விழட்டும். முதல் பகுதி ஆரம்பிக்கும்போது காது தமிழிலிருந்து மாறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எளிதான முதல் மூன்று கேள்விகள் அந்த மாற்றத்திலேயே போய்விடும்.

ஹெட்போனில் ஒலி குறைவாகவோ ஒரு பக்கம் மட்டுமோ கேட்டால், ஒலியைச் சோதிக்கும்போதே கையை உயர்த்திச் சொல்லுங்கள். தேர்வு தொடங்கிய பிறகு ஆடியோ உங்களுக்காக நிற்காது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சரிபார்க்க அரை நிமிடம் தருவார்கள். விடைகள் திருப்தியாக இருந்தால் அந்த நேரத்தில் அடுத்த பகுதியின் கேள்விகளைப் படிக்கத் தொடங்குங்கள். நான்காம் பகுதிக்கு முன் இது மிகவும் உதவும், ஏனென்றால் அங்கே நடுவில் மூச்சுவிட இடமில்லை.

முடிவு வந்த பிறகு மற்ற மூன்றும் நன்றாக இருந்து லிசனிங் மட்டும் அரை பேண்ட் குறைந்திருந்தால், முழுத் தேர்வையும் திரும்ப எழுதியே தீர வேண்டும் என்றில்லை. கணினியில் எழுதியவர்களுக்கு, ஒரே ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் மறுபடி எழுதும் வசதி பல நாடுகளில் இருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரியோ குடிவரவுத் துறையோ அந்த முடிவை ஏற்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு பணம் கட்டுங்கள். அந்த இடைவெளியில் செய்ய வேண்டியது புதிய தாள்களைத் தேடுவது அல்ல. தவறுகள் எழுதிய அந்த நோட்டைத் திறந்து, கடைசி மூன்று மாதிரித் தேர்வுகளில் தவறவிட்ட இடங்களைத் திரும்பக் கேட்பது.